பொருள் மாறினும் பெயர் நிலைக்குமா?

(திருவேற்காட்டில் நிகழ்ந்த தமிழ்ப் பொழிவின் எழுத்து வடிவம்)



கூவம் ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூரின் பெயர் வேற்காடு. வேல் என்பது வேலமரம். வெள்வேல மரங்கள் அடர்ந்திருந்த காடு ஆகலின் வேற்காடு ஆயிற்று. ஞானசம்பந்தர் பாடிய காலத்திலேயே இப்பெயர் வழக்கில் ஊன்றியிருந்தது. மூர்க்க நாயனார் பிறந்த ஊரும் இதுவே. பின்னர்த் திரு என்னும் அடை சேர்ந்து திருவேற்காடாயிற்று.

இன்று இங்குக் காடு இல்லை. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையினின்று உள்ளே வருவோர் காண்பன கட்டடங்களும் கடைகளும் ஊர்திகளுமே. காடு போய்விட்டது, ஆகவே பெயரையும் போக்கிவிடுவோம் என்று எவரேனும் கூறியதுண்டோ? இல்லை. நான்மறைகளும் இங்கே வேல மரங்களாய் நின்றன என்று கோயிற்கதை கூறும். அக்கதை வழியே ஊருக்கு வேதபுரி என்றும், இறைவனுக்கு வேதபுரீசுவரர் என்றும் வடமொழிப் பெயர்கள் வந்தன. கோயிலுக்குள் அவை வழங்குகின்றன. ஆயினும் பேருந்தில் ஏறுகின்றவர் எவரும் வேதபுரிக்கு ஒரு சீட்டுக் கேட்பதில்லை. மரம் போனபின்னும் மக்கள் வாயில் வேற்காடே வாழ்கின்றது.

ஒரு பொருளின் தோற்றமும் இயல்பும் மாறிய பின்னும் அதன் பழம்பெயர் பொருந்துமா என்னும் வினா ஊர்ப்பெயரோடு நிற்பதன்று. இற்றை நாளில் அது மிகக் கூர்மையாக எழுவது ஊடக மென்பொருள்களின் பெயர்களில்தான். இசை கேட்கவும் படம் பார்க்கவும் கணினியிலும் கைபேசியிலும் பயன்படும் மென்பொருள்களே அவை. ஐந்தாண்டுக்கொரு முறை அவற்றின் வடிவம் மாறுகின்றது. பத்தாண்டுக்கொரு முறை அவற்றின் பணியே மாறுகின்றது. 'இவ்வளவு விரைவாக மாறுகின்ற பொருள்களுக்குத் தமிழில் பெயர் வைத்து என்ன பயன்? வைத்த பெயர் நாளைக்கே பொருந்தாமற் போகுமே. ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்ளலாகாதா?' என்று கேட்போர் பலர். படித்தவரும் கேட்கின்றனர், தமிழ்ப்பற்றுடையவரிலும் சிலர் மனந்தளர்ந்து கேட்கின்றனர். அவ்வினாவைத் தட்டிக்கழியாமல் ஆராய்ந்து விடைகாண்பதே இப்பொழிவின் நோக்கம்.

பெயர் பிறக்கும் ஆறு வழிகள்

பெயர்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தமிழிலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்பே வகுத்து வைத்துள்ளது. பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில் என்னும் ஆறின் அடியாகப் பெயர் தோன்றும். கரணியம் கருதி இட்டது காரணப்பெயர். கரணியம் புலப்படாமல் வழங்குவது இடுகுறிப்பெயர். சொல்லின் கரணியம் பார்த்தவுடன் கண்ணுக்குத் தெரிந்துவிடாது என்பதைத் தொல்காப்பியரே உணர்த்தியுள்ளார். இந்த ஆறு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு மேலைநாட்டு ஊடக மென்பொருள்களின் பெயர்களை அளந்து பார்த்தால், எது நின்றது, எது வீழ்ந்தது, ஏன் வீழ்ந்தது என்பது தெற்றெனப் புலனாகும்.

முதலில் இடப்பெயர். 2002இல் எக்சுபாக்சு என்னும் விளையாட்டுப் பெட்டியில் இசையும் படமும் இயக்க ஒரு மென்பொருள் தோன்றியது. அப்பெட்டியில் இயங்கியதால் எக்சுபாக்சு மீடியா பிளேயர் என்றும், அடுத்த ஆண்டில் எக்சுபாக்சு மீடியா சென்டர் என்றும் அதனை வழங்கினர். பின்னர் அது விண்டோசிலும் லினக்சிலும் ஆப்பிள் கணினியிலும் இயங்கலாயிற்று. 2008இல் முழுப்பெயரை விட்டு எக்சு.பி.எம்.சி. என்று எழுத்துகளாகச் சுருக்கினர். 2010இல் எக்சுபாக்சுப் பெட்டிக்கான பணியே அம்மூலத் திட்டத்தினின்று விலகிற்று. வீடு மாறிய பின்னும் கதவில் பழைய வீட்டின் எண்! ஆகவே 2014இல் அப்பெயரை அறவே கைவிட்டுக் கோடி எனப் புதுப்பெயர் இட்டனர். தமிழர் செவிக்கு அது நூறு இலக்கமாகத் தோன்றும்; அவர்களுக்கோ அது இடுகுறி.

வி.எல்.சி. என்பதும் இத்தகையதே. பாரிசு நகர்க் கல்லூரி ஒன்றின் மாணவர் 1996இல் தங்கள் வளாகப் பிணையத்தின் வழியே படங்களை அனுப்பிப் பார்க்க ஒரு திட்டந் தொடங்கினர். வீடியோலேன் என்பது அதன் பெயர். படத்தை அனுப்பும் மென்பொருள் ஒன்று; பெற்றுக் காட்டும் மென்பொருள் மற்றொன்று. பெறுவதன் பெயர் வீடியோலேன் கிளையண்டு. அதன் சுருக்கமே வி.எல்.சி. 2001இல் அது கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. காலப்போக்கில் அனுப்பும் பணியையும் அதுவே ஏற்றுக்கொண்டது. வளாகத்திற்கு வெளியே உலகெங்கும் தனிக்கணினிகளிலும் கைபேசிகளிலும் புகுந்தது. வளாகப் பிணையமும் இல்லை. வெறும் பெறுநரும் இல்லை. மூன்றெழுத்தும் பொருளிழந்து நிற்கின்றன. மென்பொருள் மட்டும் ஓங்கி நிற்கின்றது. காரணப்பெயராய்ப் பிறந்து இடுகுறியாய் வாழும் பெயர் அது.

1997இல் வந்த வின்ஆம்ப் என்னும் பெயரின் முற்பகுதி விண்டோசைக் குறிப்பது. 2010இல் அதே பெயரோடு ஆண்டிராய்டு கைபேசியிலும் அது வந்தது. ஆங்கே விண்டோசு எங்கே?

அடுத்தது சினைப்பெயர், உறுப்பின் பெயரை முழுமைக்கு இடுவது. 2001இல் ஆப்பிள் குழுமம் ஐட்டியூன்சு என்னும் மென்பொருளை வெளியிட்டது. டியூன் என்றால் பண், மெட்டு. அன்று அதன் பணி பாடல்களைத் தொகுத்து இயக்குவதே. 2003இல் பாடல் விற்கும் கடை அதனுட் புகுந்தது. 2005இல் வலையொலிகளும் படக்காட்சிகளும் புகுந்தன. பின்னர்த் திரைப்படங்களும் கைபேசிச் செயலிகளும் அதன் வழியே வந்தன. பாட்டுக்கடை பலசரக்குக் கடையாயிற்று; பெயர்ப்பலகையில் மட்டும் பாட்டு எஞ்சிற்று. 2019இல் ஆப்பிள் தன் கணினிகளில் அதனைப் பிரித்து, இசை, தொலைக்காட்சி, வலையொலி என்று பணிக்கொரு பெயரிட்டு மூன்றாக்கியது.

பொருட்பெயரும் இவ்வாறே. 1995இல் ரியல்ஆடியோ பிளேயர் என்று ஒலியின் பெயரோடு வந்த மென்பொருள், படங்களையும் இயக்கத் தொடங்கியபின் ஒலியை உதிர்த்து ரியல்பிளேயர் ஆயிற்று. எம்.பி.3 என்பது 1995இல் செருமானிய ஆய்வாளர் தம் ஒலிக்கோப்புகளுக்கு இட்ட பின்னொட்டு. அதனையே பெயராகக் கொண்டு எம்.பி.3 பிளேயர் என்று கருவிகளை விற்றனர். அக்கருவிகளில் பல பின்னாளில் வேறு கோப்பு வகைகளையும் இயக்கின. பெயர் மட்டும் ஒரேயொரு கோப்பு வகையிற் சிக்கி நின்றது. 2017இல் அக்கோப்பு வகையை உருவாக்கிய நிறுவனம் அதன் உரிமத் திட்டத்தையே முடித்துக்கொண்டது.

இனித் தொழிற்பெயர். மைக்ரோசாப்ட்டு நிறுவனம் 1991இல் தன் விண்டோசில் வைத்த ஊடக மென்பொருளின் பெயர் மீடியா பிளேயர். ஊடகத்தை இயக்குவது என்பதே பொருள். பின்னர்த் தன் பெயரை முன்னே சேர்த்து விண்டோசு மீடியா பிளேயர் என்றது. 2012இல் எக்சுபாக்சு மியூசிக் என்று வேறொன்றைக் கொணர்ந்தது. 2015இல் அதற்குக் குரூவ் மியூசிக் என்று பெயர் மாற்றியது. குரூவ் என்பது இசைத்தட்டில் ஊசி ஓடும் வரிப்பள்ளம். இசைத்தட்டையே காணாத தலைமுறைக்கு அப்பெயர்! இத்தனை அலைவுக்குப் பின் விண்டோசு 11இன் புதிய மென்பொருளுக்கு 2021இல் அந்நிறுவனம் இட்ட பெயர் என்ன? மீடியா பிளேயர். முப்பதாண்டு சுற்றிவிட்டுத் தொடங்கிய வாயிலுக்கே வந்து சேர்ந்தது!

உலகின் இரு பெருங் குழுமங்கள் பட்டறிந்து கண்ட முடிவு இது: பொருளும் இடமும் உறுப்பும் மாறும், தொழில் மாறுவது அரிது. தட்டில் இருந்தாலும் நாடாவில் இருந்தாலும் காற்றில் வந்தாலும் மாந்தன் இசையைக் கேட்கின்றான், படத்தைப் பார்க்கின்றான். கேட்டலின் மேலும் பார்த்தலின் மேலும் எழுந்த பெயர் நிற்கும். ஏற்றிவந்த வண்டியின் மேல் எழுந்த பெயர் வண்டியோடு போகும்.

தமிழ்ப் பெயர்கள் நின்ற வரலாறு

இவ்வுண்மையைத் தமிழர் மேலைநாட்டாரிடம் கற்கவேண்டியதில்லை. தமிழில் ஏலவே ஆக்கி வழங்கிய சொற்களே சான்று.

ஆங்கிலத்தில் பிலிம் என்பது மெல்லிய படலத்தின் பெயர். அஃது ஒரு பொருட்பெயர். படச்சுருள் போய்க் கணினிக்கோப்பு வந்தபின் அப்பெயர் கரணியம் இழந்தது. தமிழிலோ திரைப்படம் என்றனர். சுருள் போயிற்று, திரை போகவில்லை. அரங்கின் வெண்திரையும் திரை; வீட்டுப் பெட்டியின் முகமும் திரை; கைபேசியின் முகமும் திரை. காண்கின்ற இடத்தை நோக்கி எழுந்த பெயராகலின் எல்லா மாற்றத்தையும் தாங்கிற்று. இடப்பெயராயினும் அஃது ஒரு குழுமத்தின் பெட்டியைச் சுட்டாமல் காட்சி நிகழும் களத்தையே சுட்டியது என்பதை ஈண்டுக் கருத்திற் கொள்ள வேண்டும்.

1931இல் காளிதாசு வெளிவந்தபோது தமிழ் பேசிய படத்தைக் கண்டு மக்கள் வியந்தனர். பேசும்படம் என்று பெயர் வழங்கிற்று. எல்லாப் படமும் பேசத் தொடங்கியபின் பேசும் என்னும் அடை தேவையற்றதாயிற்று. தமிழ்நாட்டு அரசு 2006இல் வீடுதோறும் இலவயமாக வழங்கத் தொடங்கியது வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. இன்று கடையில் எவரும் வண்ணத் தொலைக்காட்சி வேண்டும் என்று கேட்பதில்லை. புதுமையைச் சுட்டும் அடைமொழி, புதுமை பொதுமையாகும் நாளில் தானே உதிரும். அடிச்சொல் நிற்கும். மின், இ, ஐ என்று இக்காலத்துப் பெயர்களின் தலையில் ஏறியிருக்கும் ஒட்டுகளுக்கும் இதுவே முடிவு. எல்லாம் மின்னாகிய பின் மின் என்று சொல்வானேன்?

1963இல் பிலிப்சு நிறுவனம் கொணர்ந்த சிறு ஒலிப்பெட்டகம் தமிழில் ஒலிநாடா என்றும் ஒலிப்பேழை என்றும் வழங்கியது. 1982இல் விற்பனைக்கு வந்த வட்டு குறுந்தகடு எனப்பட்டது. ஈழத்தார் அதனை இறுவட்டு என்றனர். திரைப்படப் பாடல்கள் வெளியாகும் விழா ஒலிநாடா வெளியீட்டு விழாவாயிருந்து, குறுந்தகடு வெளியீடாகி, இன்று இசை வெளியீட்டு விழா என்னும் பெயரில் நிலைபெற்றுள்ளது. கையில் எடுத்துக் காட்டுவதற்கு நாடாவுமில்லை, தகடுமில்லை, இசை உண்டு. ஏற்றிவந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நீங்கியபின் எஞ்சியது உள்ளிருந்த பொருளின் பெயரே.

எழுதப்படிக்கத் தெரியாதவரும் அறிந்த ஒரு சான்று உண்டு. ஆடித் திங்களில் கருமாரியம்மன் கோயிற்பக்கம் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈசுவரி பாடிய அம்மன் பாடல்கள் ஒலிக்கும். முதலில் இசைத்தட்டிலிருந்து ஒலித்தன, பின்னர் ஒலிநாடாவிலிருந்து, பின்னர்க் குறுந்தகட்டிலிருந்து, அதன்பின் விரலியிலிருந்து, இன்று கைபேசியிலிருந்து. ஐந்து கருவிகள் மாறின. ஆயினும் ஒலிபெருக்கிக்காரரை நோக்கி ஊரார் சொல்லுஞ் சொல் மாறிற்றா? 'பாட்டுப் போடப்பா!' அன்று தட்டைத் தூக்கிப் பொறியின் மேல் இட்டதனால் போடு என்றனர். இன்று போடுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. விரலால் தொடுவதோடு சரி. ஆயினும் பாட்டுப் போடுகின்றனர், படம் போடுகின்றனர். வினைச்சொல்லின் வலிமை இத்தகையது. சொல்லாய்வாளர் எவரும் கூடி முடிவு செய்யாமலே மக்கள் நாக்கு இதனைச் செய்துவிட்டது.

தமிழ் மென்பொருள்களின் பெயர்கள்

எழுத்தும் ஓர் ஊடகமே. ஆகலின் தமிழ் எழுத்துக்காகத் தமிழரே ஆக்கிய மென்பொருள்களின் பெயர்களையும் இதே அளவுகோலால் அளந்து பார்த்தல் முறையாம்.

1999ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்புத் தரப்படுத்தப்பட்டது. இது காலப்பெயர். அன்று அரசு ஏற்ற எழுத்துக் குறியேற்றங்கள் வேறு. 2010இல் ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தமிழ்நாட்டரசு தரமாக அறிவித்தது. அடியிலிருந்த குறியேற்றம் மாறியும் விசையமைப்பு மாறாமல் இன்றும் பயன்படுகின்றது. குறில் நெடில் உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்த அதன் ஒழுங்கு தமிழின் இயல்பைத் தழுவியது. ஆனால் 99 என்னும் எண்ணைக் காணும் இளைஞர் சிலர் அதனைப் பழையது என்று ஒதுக்குகின்றனர். பொருள் இளமையாயிருக்கப் பெயர் முதுமையைக் காட்டுகின்றது. காலத்தைப் பெயரில் பொறித்தால் வரும் இடர் இது.

மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு என்னும் மென்பொருள் பின்னர் முரசு அஞ்சல் என வளர்ந்தது. இன்று அதனைப் பயன்படுத்துவோர் அஞ்சல் மட்டுமா எழுதுகின்றனர்? நூல் எழுதுகின்றனர், இதழ் நடத்துகின்றனர். அஞ்சல் என்னும் பெயரோ ஒரு விசையமைப்பின் பெயராகவே ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்றுவிட்டது. அவரே ஆக்கிய செல்லினம் 2005 தைப்பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. அன்று அது சிறிய கைபேசிகளில் தமிழிற் குறுஞ்செய்தி எழுத உதவியது. செல் என்பதில் ஆங்கிலக் கைபேசிப் பெயரின் ஒலியும் உண்டு, செல்லுதல் என்னும் தமிழ்வினையின் பொருளும் உண்டு. அற்றைக் கைபேசிகள் மறைந்தன. குறுஞ்செய்தியின் இடத்தை வேறு செயலிகள் பிடித்தன. தமிழ்வினை உள்ளிருந்ததனால் பெயர் இன்றும் செல்லுகின்றது!

1998 பொங்கல் நாளில் மதுரைத்திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் ஏற்றி உலகத் தமிழர்க்கு இலவயமாய் அளிக்கும் தன்னார்வப் பணி அது. தொடக்கத்தில் அற்றை எழுத்துருக்களிலும், பின்னர்த் திசுக்கிக் குறியேற்றத்திலும், அதன்பின் ஒருங்குறியிலும் நூல்கள் ஏற்றப்பட்டன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பெயரையும் மாற்றியிருந்தால் மக்கள் எதனை நினைவிற் கொள்வர்? தமிழ் வளர்த்த நகரின் பெயரைத் தாங்கிய அத்திட்டம் எந்தக் குறியேற்றத்தையும் தன் பெயரிற் சுமக்கவில்லை. ஆகலின் எல்லாக் குறியேற்றங்களையும் கடந்து நிற்கின்றது. உழவர் கருவியின் பெயரைத் தாங்கிய ஈ-கலப்பையும் அத்தகையதே; அதன் தலையிலுள்ள ஈ என்னும் ஒட்டு ஒன்றே காலத்தின் கறை.

பொருத்தம் தமிழுக்கு மட்டுமா?

இனித் தொடக்கத்து வினாவிற்கு வருதல் வேண்டும். பொருள் மாறினால் தமிழ்ப்பெயர் பொருந்தாது என்போர், ஆங்கிலப் பெயர்கள் பொருந்துகின்றனவா என்று ஒருநாளேனும் ஆராய்ந்ததுண்டா?

பாட்காசுட்டு என்னும் சொல் 2004இல் எழுந்தது. ஆப்பிளின் ஐபாடு என்னும் கருவியின் பெயரில் ஒரு துண்டையும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஒரு துண்டையும் ஒட்டியதே அது. 2022இல் ஆப்பிள் ஐபாடு ஆக்கத்தையே நிறுத்திவிட்டது. இறந்துபோன கருவியின் பெயர் இன்னும் உலவுகின்றது. எவரும் அதனைப் பொருந்தாப் பெயரென்று தள்ளவில்லை. தமிழில் அதற்கு வலையொலி என்றனர். வலையில் வரும் ஒலி. எக்குழுமத்தின் கருவியையும் சாராதது. எது பொருத்தமான பெயர்? நடுநிலையாளர் சொல்லட்டும்.

ஆல்பம் என்பது பல இசைத்தட்டுகளை ஏடுபோல் வைத்துக் கட்டிய தொகுப்பின் பெயர். இன்று ஏடுமில்லை, தட்டுமில்லை, பெயருண்டு. கணினியிற் சேமித்தற் கட்டளைக்கு இன்னும் பல மென்பொருள்களில் காட்டும் படம் பழைய நெகிழ்வட்டு. அதனைக் கையில் தொட்டறியாத பிள்ளைகளும் அப்படத்தை அறிவர். ஆங்கிலத்திற்குப் பொருந்தாமை ஒரு குறையன்று. அதற்கு மரபு என்று பெயர். தமிழுக்கு வந்தால் அதுவே குறை. அதற்குக் காலத்திற்கு ஒவ்வாமை என்று பெயர். இவ்விரட்டை அளவையைத் தமிழர் தம் கையாலேயே பிடித்துத் தம்மொழியை நிறுக்கின்றனர் என்பதே வருந்தத்தக்கது.

ஆகலின் அவ்வினாவிற்கு விடை இது: பொருள் மாறுவதனால் பெயர் சாவதில்லை. வழங்காமையினால்தான் பெயர் சாகின்றது. பொருந்தாப் பெயரும் வழக்கினால் வாழும். பொருந்திய பெயரும் வழங்காவிடின் அகரமுதலியிற் கிடந்து மக்கும்.

தனித்தமிழார் கடன்

இவ்விடத்துத் தமிழ்ப்பற்றாளர் தம் பக்கத்துக் குறையையும் மறையாமல் நோக்குதல் வேண்டும்.

வீடியோ என்பதற்குத் தமிழில் எத்தனை சொற்கள்? காணொளி, காணொலி, நிகழ்படம், விழியம். காணொளி என்பார், காணும் ஒளி என விரித்து வினைத்தொகை என்பர். ஒலியைக் காணவியலாது ஆகலின் காணொலி பிழை என்பர். காணொலி என்பார், காண்பதும் ஒலிப்பதும் ஒருங்கிருத்தலின் அதுவே நிறைவு என்பர். ஒலியில்லாத ஒளி விளக்கன்றோ என்பர். இரு பக்கத்தும் பொருளுண்டு. மென்பொருளின் உள்ளமைப்பை நோக்கினால், ஒரு கோப்பினுள்ளே படவோடை தனி, ஒலியோடை தனி; இரண்டையும் ஓர் உறையில் இட்டு வைக்கின்றனர். ஒன்றனுள் ஒன்றாய் அடங்கும் உருசிய மரப்பாவையின் பெயரை அத்தகைய உறை ஒன்றிற்கு இட்டும் உள்ளனர். ஒலியோடையை நீக்கினாலும் படம் ஓடும். ஆகலின் காண்டலே அடிப்படை எனலாம். அவ்வகையிற் காணொளி என்பதற்கு வலு மிகுதி. ஆயினும் கேடு இரண்டில் எது சிறந்தது என்பதில் இல்லை. ஓரெழுத்தே வேறுபட்ட இரு சொற்கள் ஒரே பொருளுக்கு வழங்கினால், படிக்கும் பிள்ளை ஒன்றை மற்றொன்றன் அச்சுப்பிழை என்று கருதும். கருதியபின் வீடியோ என்று எழுதிவிட்டு எழுந்துபோகும். சொல்லாக்கியோர் வாதாடிக்கொண்டிருக்கப் பிறசொல் வீட்டுக்குள் நுழையும்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. இயக்கி என்னும் ஒரு சொல்லை ஊடகத்தை இயக்கும் மென்பொருளுக்கும் வழங்குகின்றனர். அச்சுப்பொறி முதலிய கருவிகளைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருளுக்கும் வழங்குகின்றனர். செயலி என்னும் சொல்லும் கணினியின் மூளையாகிய சில்லுக்கும், கைபேசியின் பயன்பாட்டு மென்பொருளுக்கும் வழங்குகின்றது. ஊடக இயக்கி, கருவி இயக்கி, நுண்செயலி, கைபேசிச் செயலி என்று அடைகொடுத்து வழங்கின் மயக்கம் தீரும். அடிச்சொல்லை மாற்றவேண்டியதில்லை.

1974இல் தமிழ்நாட்டரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கி, மொழிஞாயிறு பாவாணரை அதன் முதல் இயக்குநராக அமர்த்தியது. வேர்ச்சொல்லை அறிந்தால் எத்துணைப் புதுப்பொருளுக்கும் தமிழிற் பெயர் அமைக்கலாம் என்பதே அப்பெருமகனார் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியது. வேரறிந்து ஆக்குதல் முதற்பணி. ஆக்கியதை வழங்குதல் அதனினும் பெரும்பணி.

ஆகவே இனிச் செய்யத்தக்கவை நான்கு.

ஒன்று: பெயராக்குவோர் பொருளின் வடிவத்தை நோக்கற்க, அதன் தொழிலை நோக்குக. தட்டு, நாடா, தகடு, விரலி என்பன வண்டிகள். ஒலித்தல், காண்டல், கேட்டல், இயக்குதல் என்பன செலவு.

இரண்டு: ஒரு நிறுவனம் தன் ஆக்கத்திற்கு இட்ட தனிப்பெயரைப் பெயர்த்தெழுத முயலற்க. வி.எல்.சி. என்பதும் கோடி என்பதும் ஆட்பெயர் போன்றவை. தமிழ் ஒலிமரபிற்கேற்ப எழுதினாற் போதும். அவை எவ்வகைப் பொருள் என்று சொல்லும் பொதுப்பெயர்தான் தமிழில் இருத்தல் வேண்டும். வி.எல்.சி. என்னும் ஊடக இயக்கி என்றால் தமிழுக்கும் இழுக்கில்லை, கேட்பவர்க்கும் குழப்பமில்லை.

மூன்று: ஒரு சொல் மக்களிடை வேரூன்றத் தொடங்கிய பின் அதனினும் நுட்பமான சொல் கிடைத்துவிட்டது என்று பழையதைப் பிடுங்கற்க. நட்ட செடியை நாள்தோறும் பிடுங்கி வேர் பார்ப்பவன் தோட்டக்காரன் ஆகான்.

நான்கு: பொருளில் ஒரு கூறு புதிதாய்ச் சேர்ந்ததும் பெயரை மாற்ற விரையற்க. தொலைபேசியில் பேச்சோடு படமும் பாட்டும் கணக்கும் கடிதமும் வந்தன. கைபேசி என்னும் பெயர் அவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு நிற்கின்றது. வேல மரம் இல்லாமலே வேற்காடு நிற்கவில்லையா?

தமிழன்பர்களே! சொல் என்பது கோயிலில் வைத்துப் பூட்டும் அணிகலன் அன்று. நாள்தோறும் புழங்கும் ஏனம். புழங்கப் புழங்க அது பளபளக்கும். மகன் கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது 'என்னப்பா வீடியோ?' என்று கேட்கும் தாய், 'என்னப்பா காணொளி?' என்று கேட்டுப் பார்க்கட்டும். முதல்நாள் அவன் சிரிப்பான். பத்தாம் நாள் அவனே அதனைச் சொல்வான். கருவிகள் கடைகளில் மாறிக்கொண்டே இருக்கட்டும். அவை மாறுவது அவற்றின் இயல்பு. தமிழ்ச்சொல் நிலைப்பதும் நிலையாததும் கருவி செய்வோர் கையில் இல்லை. அது தமிழ் பேசுவோர் நாவில் இருக்கின்றது.